குரலும் கைகளும்



சபைப் பணியோடு வேறொரு பொறுப்பும் சில ஆண்டுகளாக எனக்கு உண்டு என்பதை உங்களிற் பலர் அறிவீர்கள். இறையியல் கல்லூரி ஒன்றில் முதுகலை பயிலும் மாணவர்கள், அக்கல்லூரி நடத்தும் இணையவழிச் சான்றிதழ் வகுப்புகளுக்குத் துணை ஆசிரியர்களாக நியமிக்கப்படுகிறார்கள். வகுப்புத் தொடங்குமுன் அவர்களை அப்பணிக்கு ஆயத்தப்படுத்துவது என்னிடம் ஒப்படைக்கப்பட்ட வேலை. ஆண்டுதோறும் அவர்கள் கேட்கும் முதற்கேள்வி ஒன்றே: "ஐயா, காப்பியடிப்பவர்களை எப்படிக் கண்டுபிடிப்பது?" எப்படிக் கற்பிப்பது என்ற கேள்வி அதற்குப் பிறகுதான் வரும், சில ஆண்டுகளில் வராமலும் போகும்.

அந்தக் கேள்வியை நான் குறைத்து மதிப்பதில்லை. ஆயினும் இவ்விரு கேள்விகளும் உண்மையில் ஒன்றே என்று எனக்குத் தோன்றுகிறது. அதைச் சொல்லவே இந்தச் சிந்தனை.

வேதத்தில் ஆள்மாறாட்டம் என்றவுடன் நம் நினைவுக்கு வருவது ஆதியாகமம் 27ஆம் அதிகாரம். கண்பார்வை மங்கிய ஈசாக்கின் முன் இளைய மகன் மூத்தவனின் பெயரைச் சொல்லிக்கொண்டு நிற்கிறான். தகப்பன் சோதிக்காமல் விட்டுவிடவில்லை. பெயரைக் கேட்டார், இவ்வளவு விரைவில் வேட்டை எப்படிக் கிடைத்தது என்று கேட்டார், அருகே அழைத்துக் கையைத் தடவிப் பார்த்தார், உணவை உண்டார், ஆடையின் வாசனையை முகர்ந்தார். தொடுதலும் சுவையும் வாசனையும் அவரை ஏமாற்றின. ரெபெக்காள் ஆட்டுக்குட்டித் தோலைக் கொண்டு கைகளையும் கழுத்தையும் மூடியனுப்பியிருந்தாள். செவி ஒன்று மட்டும் அவருக்கு உண்மையைச் சொன்னது. பேசுகிற குரல் இளையவனுடையது என்று அவர் அறிந்தார். அறிந்ததை வாய்விட்டும் சொன்னார். அறிந்தபின்பும் கைகளையே நம்பினார்.

இணையவழிக் கல்வியில் நாம் இன்று செய்வதும் பெரும்பாலும் இதுவே. கைகளைச் சோதிப்பதற்குக் கருவிகள் வாங்குகிறோம். குரலைக் கேட்பதற்கு ஆட்களை ஆயத்தப்படுத்துவதில்லை.

இந்த வகுப்புகளில் பயில்கிறவர்கள் யார் என்பதை முதலில் சொல்லவேண்டும். பகலெல்லாம் மிதிவண்டியில் ஊர் ஊராகச் செல்லும் சுவிசேஷகர்கள் இருக்கிறார்கள். வளைகுடா நாடுகளில் இரவுப்பணி முடித்துக் கைப்பேசியைத் திறக்கும் செவிலியர்கள் இருக்கிறார்கள். ஓய்வுபெற்ற பின் வேதத்தை முறையாகக் கற்க விரும்பும் பெரியவர்களும், பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர்களும் உண்டு. கொரோனாக் காலத்தில் தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் மாணவர்கள் வீட்டிலிருந்தே விடை எழுதி, தாள்களைப் படமெடுத்து அனுப்பியதை நாம் அனைவரும் பார்த்தோம். அந்த நாட்களில் தேர்வு என்பது வீட்டின் நடுக்கூடத்துக்குள் வந்தது. கணவருக்காக மனைவி எழுதுவதும், ஒருவர் விடையை வாட்ஸ்அப் குழுவில் இருபதுபேர் பகிர்வதும் எளிதாயின. 2022 நவம்பர் 30இல் சாட்ஜிபிடி வெளிவந்தபின் எழுதித்தர உறவினரும் வேண்டியதில்லை என்றாயிற்று.

எனினும் இது கருவிகள் கொண்டுவந்த பாவம் என்று எண்ணிவிடக் கூடாது. அமெரிக்காவில் வில்லியம் பவர்ஸ் என்ற ஆய்வாளர் 99 கல்லூரிகளின் மாணவர்களிடம் கேட்டறிந்து 1964இல் வெளியிட்ட ஆய்வில், ஏறத்தாழ நான்கில் மூவர் ஏதேனும் ஒருவகையில் நேர்மை தவறியதாக ஒப்புக்கொண்டார்கள். அப்போது இணையம் இல்லை, கைப்பேசியும் இல்லை. அதற்கும் முன்னர், 1928இல், ஹியூ ஹார்ட்ஷோர்ன், மார்க் மே என்ற இருவர் ஆயிரக்கணக்கான பள்ளிப் பிள்ளைகளின் நேர்மையைச் சோதித்து ஒரு நூலை வெளியிட்டார்கள். ஹார்ட்ஷோர்ன் சமயக் கல்வித் துறையைச் சேர்ந்தவர். பிள்ளைகளை நேர்மையானவர், நேர்மையற்றவர் என இரண்டு கூட்டமாகப் பிரிக்க அவர்களால் இயலவில்லை. ஒரே பிள்ளை ஓரிடத்தில் உண்மையாயும் வேறோரிடத்தில் பொய்யாயும் நடந்தது. நிலைமை மாறினால் நடத்தையும் மாறிற்று.

ஞாயிறு பள்ளி நடத்துகிற நமக்கு இந்த முடிவு கசப்பானதே. ஆயினும் இதில் ஒரு நம்பிக்கையும் உண்டு. நிலைமை ஒருவனை வழுக்கச் செய்யுமானால், நிலைமையைச் செம்மையாக்குவது அவனைத் தாங்கவும் கூடும். அந்த நிலைமையை அமைப்பவர் ஆசிரியர். ஆகவே ஆசிரியரை ஆயத்தப்படுத்துவது ஏமாற்றைத் தடுக்கும் பணியின் பெரும்பகுதி.

முதலில் கருவிகளைப் பற்றிச் சில சொற்கள். தேர்வெழுதுகிறவரைக் கேமரா வழியே கண்காணிக்கும் மென்பொருள்கள் பெருகிவிட்டன. சில இடங்களில் தேர்வுக்கு முன் மாணவர் தம் அறை முழுவதையும் கேமராவில் சுற்றிக்காட்ட வேண்டும். அமெரிக்காவின் ஒகாயோ மாநிலத்தில் ஒரு மாணவர் இதை எதிர்த்து வழக்குத் தொடுத்தார். அரசுப் பல்கலைக்கழகம் அவருடைய படுக்கையறையை அவ்வாறு பார்வையிட்டது அரசியலமைப்புக்கு முரணான சோதனை என்று கூட்டாட்சி நீதிமன்றம் ஒன்று 2022 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. ஒற்றை அறை வீட்டில் ஐந்து பேரோடு வாழும் நம் சுவிசேஷகருக்கு இத்தகைய சோதனை என்ன செய்யும் என்று எண்ணிப் பாருங்கள். பின்னால் குழந்தை ஓடினால் அவர் சந்தேகத்துக்குரியவர். மின்சாரம் நின்றால் அவர் குற்றவாளி.

எழுத்தைப் பார்த்து "இது இயந்திரம் எழுதியது" என்று சொல்லும் கருவிகளும் உண்டு. சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே அத்தகைய கருவி ஒன்றை வெளியிட்டு, துல்லியம் போதாது என்று 2023 ஜூலையில் திரும்பப் பெற்றுக்கொண்டது. அதே ஆண்டில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் டோஃபல் தேர்வுக்காகத் தாமே எழுதிய கட்டுரைகளை ஏழு கருவிகளில் இட்டுப் பார்த்தார்கள். சராசரியாகப் பாதிக்கும் மேற்பட்டவை இயந்திரத்தின் எழுத்து என்று தவறாகக் குறிக்கப்பட்டன. எளிய சொற்களில், திருத்தமாக, அளவாக எழுதுவதே அவர்கள்மேல் ஐயத்தைக் கொண்டுவந்தது. அயல்நாடுகளில் ஆங்கிலத்தில் பயிலும் நம் பிள்ளைகளுக்கும் இதே அபாயம் உண்டு.

மோசேயின் நியாயப்பிரமாணம் ஒரே சாட்சியைக் கொண்டு ஒருவன்மேல் குற்றம் நிலைநாட்டக் கூடாது என்கிறது. இரண்டு அல்லது மூன்று சாட்சிகள் வேண்டும். இயந்திரம் காட்டும் விழுக்காடு ஒரு சாட்சியாகக்கூட நிற்காது. குறுக்கு விசாரணை செய்ய அதற்கு வாய் இல்லை. பொய்ச்சாட்சி சொல்லாதிருக்கும் கற்பனை மாணவரைப்போலவே ஆசிரியரையும் கட்டுகிறது என்று என் மாணவர்களுக்கு நான் தவறாமல் சொல்வதுண்டு.

கற்றுக்கொண்டிருப்பவரையே கற்பிக்க வைப்பது நம் மண்ணுக்குப் புதிதன்று. திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை இருந்தார். 1789இல் சென்னை எழும்பூரிலிருந்த ஆண் பிள்ளைகளின் அநாதை விடுதிக்குப் பொறுப்பேற்ற ஆங்கிலிக்கன் குருவானவர் ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டார். அதைத் தம் விடுதியில் நடத்தச் சொன்னபோது பெரிய ஆசிரியர்கள் இணங்கவில்லை. அவர் எட்டு வயதுச் சிறுவன் ஒருவனிடம் அரிச்சுவடி வகுப்பை ஒப்படைத்தார். அவன் அதைச் செய்துகாட்டினான். 1797இல் பெல் இலண்டனில் இதை நூலாக வெளியிட்டபின் இது "மெட்ராஸ் முறை" என்ற பெயரோடு பல நாடுகளுக்குப் பரவிற்று.

பரவியபோது அதன் குறையும் பரவிற்று. ஓர் ஆசிரியரும் சில சட்டாம்பிள்ளைகளும் இருந்தால் நூற்றுக்கணக்கான பிள்ளைகளை நடத்திவிடலாம் என்பதே மேலதிகாரிகளை ஈர்த்தது. மலிவு முக்கியமானபோது மனப்பாடமே கல்வியாயிற்று. இன்று முதுகலை மாணவர் ஒருவரின் பொறுப்பில் இருநூறு பேரை விட்டுவிட்டு, "நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லும் நிறுவனங்கள் அதே வழியில் நடக்கின்றன.

இதற்கு மாறான எடுத்துக்காட்டு ஒன்றும் திருச்சபைக்குள்ளேயே உண்டு. 1963இல் குவாத்தமாலா நாட்டில் ஓர் இறையியல் கல்லூரி, குடும்பத்தையும் தொழிலையும் விட்டுவர இயலாத சபைத் தலைவர்களைத் தேடித் தானே சென்றது. விரிவாக்க இறையியல் கல்வி என்று நாம் இன்று அழைப்பது அங்கே பிறந்தது. அதற்கு மூன்று கால்கள்: வீட்டில் தாமே படிக்கும் பாடநூல், தம் சபையில் செய்யும் ஊழியம், குறித்த நாளில் வழிகாட்டியோடு கூடும் சிறு குழு. வழிகாட்டி அங்கே சொற்பொழிவாற்ற வருவதில்லை. படித்ததையும் செய்ததையும் பேசவைத்துக் கேட்க வருகிறார். படிக்காமல் வந்தவர் அந்த வட்டத்தில் அமர்ந்த சில நிமிடங்களில் வெளிப்பட்டுவிடுவார். காவலர் எவரும் தேவைப்படார். இந்தியாவிலும் பெங்களூரை மையமாகக் கொண்ட டாஃப்டீ என்னும் அமைப்பு 1971 முதல் இம்முறையில் பலருக்குக் கற்பித்துவருகிறது. இணையவழி வகுப்புகளைத் தொடங்கியபோது நம்மில் பலர் பாடநூலைத் திரைக்குக் கொண்டுவந்தோம். அந்த வட்டத்தைக் கொண்டுவர மறந்தோம்.

ஆகவே துணை ஆசிரியர்களை ஆயத்தப்படுத்தும் நாட்களில் நான் வலியுறுத்துபவை சில.

முதலாவது, முதல் இரண்டு வாரங்களுக்குள் ஒவ்வொரு மாணவரோடும் பதினைந்து நிமிடம் தனியே பேசவேண்டும். ஊர் எது, சபையில் என்ன பணி, எந்த நேரத்தில் படிக்கிறார், எது கடினம் என்று கேட்கவேண்டும். பிறகு தம் சபையைப் பற்றி ஒரு பக்கம் எழுதி அனுப்பச் சொல்லவேண்டும். இதற்கு மதிப்பெண் இல்லை. அவருடைய குரல் எப்படிப்பட்டது என்பது இதனால் தெரியவரும். பின்னர் வேறொரு குரல் வந்தால், கேட்ட செவி அறிந்துகொள்ளும்.

இரண்டாவது, இரவல் வாங்க இயலாத கேள்விகளைக் கேட்கவேண்டும். "கெட்ட குமாரன் உவமையை விளக்குக" என்ற கேள்விக்கு விடை எங்கும் கிடைக்கும். "மகன் வீட்டைவிட்டுப் போய்விட்ட குடும்பம் ஒன்று உங்கள் தெருவில் இருக்கிறது. அந்த வீட்டில் இந்த உவமையைப் பேச நேர்ந்தால் எங்கே தொடங்குவீர்கள்? எதைச் சொல்லாமல் விடுவீர்கள்? ஏன்?" என்று கேட்டால், எழுதுகிறவர் தம் தெருவைப் பார்த்தே எழுதவேண்டும். இயந்திரம் ஒரு தெருவைப் புனைந்து தரக்கூடும். முதல் பதினைந்து நிமிடத்தில் அவரது ஊரைப் பற்றிக் கேட்டறிந்த ஆசிரியருக்கு அந்தப் புனைவு விளங்கிவிடும்.

மூன்றாவது, பாரம் முழுவதையும் ஒரே தேர்வின்மேல் ஏற்றக்கூடாது. ஒருநாள் தவறினால் ஓராண்டு போய்விடும் என்ற அச்சமே பலரைத் தவறச் செய்கிறது. சிறு ஒப்படைப்புகள் பல இருக்கட்டும்; முதல் வரைவைப் பார்த்துத் திருத்தித் தந்து மீண்டும் எழுத வைக்கட்டும். நேரில் எழுதும் தேர்வு தேவைப்படும் இடத்தில் அதையும் தயங்காமல் வைக்கலாம். ஐஐடிகள் நடத்தும் என்பிடெல் இணைய வகுப்புகளில் வாராந்தர ஒப்படைப்புகளுக்கு 25 விழுக்காடும், தேர்வு மையத்துக்கு நேரில் சென்று எழுதும் தேர்வுக்கு 75 விழுக்காடும் என்பது வழக்கம். வகுப்பு இணையத்தில் நடந்தால் தேர்வும் அங்கேதான் நடக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

நான்காவது, ஒவ்வொரு பெரிய ஒப்படைப்புக்குப் பின்னும் பத்து நிமிட வாய்மொழி உரையாடல். "இந்தப் பத்தியை எனக்கு விளக்கிச் சொல்லுங்கள்" என்ற ஒரு வேண்டுகோள் போதும். தாமே எழுதியவருக்கு அது மகிழ்ச்சி. தம் எழுத்தைப் பற்றி ஒருவர் ஆர்வத்தோடு கேட்கிறார் அல்லவா?

ஐந்தாவது, ஐயம் எழுந்தால் குற்றஞ்சாட்டுமுன் கேட்கவேண்டும். ஏதேன் தோட்டத்தில் எல்லாம் அறிந்த ஆண்டவரே முதலில் கேள்விதான் கேட்டார். தீர்ப்பு பிறகு வந்தது. ஒன்றும் அறியாத நாம் தீர்ப்போடு தொடங்கலாமா? இதற்காகவே பயிற்சியில் ஒருவர் மாணவராகவும் மற்றவர் ஆசிரியராகவும் அமர்ந்து பேசிப்பழகச் செய்கிறேன். இளம் ஆசிரியர்களுக்கு இதுவே மிகக் கடினமான பாடம். பலருக்குக் குரல் நடுங்கும். சிலருக்குக் கோபம் வரும்.

இந்தப் பயிற்சி பயன்பட்டதை ஒருமுறை கண்டேன். சுவிசேஷகர் ஒருவர் விசுவாசத்தைப் பற்றி அனுப்பிய கட்டுரை, பேராசிரியர் எழுதியதுபோல் இருந்தது. வகுப்புக்குப் பொறுப்பான முதுகலை மாணவி மேலிடத்துக்குப் புகார் எழுதவில்லை, தொலைபேசியில் அழைத்தார். "ஐயா, இதில் இரண்டாம் பத்தியை எனக்குக் கொஞ்சம் விளக்கிச் சொல்வீர்களா?" என்று கேட்டார். மறுமுனையில் நெடுநேரம் ஓசை இல்லை. பிறகு அவர், "டீச்சரம்மா, அது நான் எழுதினதில்ல. புத்தகத்துல இருக்கிற தமிழு எனக்குப் புரியல. காலேஜ் படிக்கிற பிள்ளை போன்ல எடுத்துக் குடுத்துச்சு" என்றார். "சரி ஐயா, புத்தகத்தை மூடிவையுங்கள். உங்கள் ஊரில் விசுவாசம் என்றால் என்னவென்று நீங்கள் கண்டதைச் சொல்லுங்கள்" என்றார் இவர். பனையேறும் தொழிலாளி ஒருவர் விழுந்து இடுப்பொடிந்து படுத்ததையும், மூன்றாண்டு அவர் மனைவி ஒவ்வொரு வாரமும் கோயிலுக்கு வந்து முன்வரிசையில் அமர்ந்ததையும் அவர் இருபது நிமிடம் சொன்னார். "இதை எழுதி அனுப்புங்கள்" என்றார் ஆசிரியை.

விதி தளர்த்தப்படவில்லை. முதற்கட்டுரைக்கு மதிப்பெண் இல்லை என்று முடிவாயிற்று. மறுகட்டுரைக்குக் குறைந்த அளவே வழங்கப்பட்டது. அவர் அவ்வாண்டு அரிதாகத்தான் தேறினார். வேறொருவர் அதே ஆண்டில், கேட்டபின்னும் மறுத்து, மறுபடியும் பிறர் எழுத்தையே அனுப்பினார்; இரு ஆசிரியர்கள் தனித்தனியே பேசிப் பார்த்தபின் அவர் வகுப்பிலிருந்து நீக்கப்பட்டார். நேர்மையாய் உழைத்தவர்களுக்குச் செய்யவேண்டிய நீதி அது. இரக்கம் என்ற பெயரில் பொய்யை மூடிவைப்பது இரக்கமன்று.

இதற்கெல்லாம் நேரம் ஏது என்று நிர்வாகத்தார் கேட்பார்கள். நியாயமான கேள்வி. முப்பது மாணவர்களோடு பதினைந்து நிமிடம் பேச ஏழரை மணி நேரம் ஆகும். இருநூறு பேருக்கு ஐம்பது மணி நேரம். அது யாராலும் ஆகாது. ஆகவே ஒரு துணை ஆசிரியரிடம் முப்பது பேருக்குமேல் ஒப்படைக்கக் கூடாது என்பதும், அவர் செலவிடும் நேரத்துக்கு உரிய உதவித்தொகை தரவேண்டும் என்பதும் என் வேண்டுகோள். முனைவர் பட்ட ஆய்வாளர்கள் அனைவரும் கற்பித்தலிலும் பயிற்சி பெறவேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2022இல் வெளியிட்ட விதிமுறைகள் சொல்கின்றன. வாரம் நான்கு முதல் ஆறு மணி நேரம் கற்பித்தல் அல்லது ஆய்வு உதவிப் பணியும் அவர்களுக்குத் தரப்படலாம். அது நல்ல தொடக்கம். அந்த மணி நேரங்கள் விடைத்தாள் திருத்துவதிலேயே கழிந்துவிடாமல், மாணவரைக் கேட்பதில் செலவாகவேண்டும்.

பிரியமானவர்களே, ஏன் இவ்வளவு கவலை என்று நீங்கள் கேட்கலாம். சான்றிதழ் ஒரு தாள்தானே? அத்தாளைப் பெற்றவரை நம்பி ஒரு சபை அவரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லும். தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில், பிள்ளையை இழக்கப்போகும் தாய் அவர் முகத்தைப் பார்ப்பாள். அந்த நேரத்தில் கைப்பேசியைத் திறந்து விடை தேட முடியாது. தாம் படித்து, தடுமாறி, திருத்தப்பட்டு, தமக்குள் சேர்த்துவைத்தது மட்டுமே அங்கே வாயில் வரும். நாம் கற்கவிடாமல் தேறவிட்டவர், வெறுங்கையோடு அந்தத் தாயின் முன் நிற்பார். பவுல் தீமோத்தேயுவிடம், தான் ஒப்படைத்ததைப் பிறருக்கும் கற்பிக்கக்கூடிய நம்பத்தகுந்தவர்களிடம் சேர்க்கச் சொன்னார். கற்பிக்கும் திறனையும் நம்பத்தகுந்த தன்மையையும் அவர் ஒன்றாகவே வைத்தார், நாமும் பிரிக்கவேண்டாம்.

இது கல்லூரிகளுக்கு மட்டும் உரியதன்று. பிள்ளையின் பள்ளி ஒப்படைப்பை இரவோடிரவாகச் செய்துகொடுக்கும் பெற்றோர் நம் சபையில் உண்டு. மனப்பாட வசனப் போட்டியில் கடைசி வரிசையிலிருந்து வாயசைத்துச் சொல்லிக்கொடுக்கும் அன்பான தாய்மாரும் உண்டு. ரெபெக்காளும் மகன்மேல் கொண்ட பாசத்தினாலேயே தோலைக் கட்டியனுப்பினாள். அந்த மகன் அதன்பின் இருபது ஆண்டு வீட்டைவிட்டு அகன்றிருந்தான்; அவள் அவனை மறுபடி கண்டதாக வேதம் சொல்லவில்லை.

இவ்வாரம் உங்கள் பிள்ளை எழுதிய ஏதேனும் ஒரு பக்கத்தை எடுத்து, அருகில் அமர்ந்து, "இதை எனக்குச் சொல்லிக்காட்டு" என்று கேளுங்கள். தவறு இருந்தால் இருக்கட்டும். அது அவன் குரலாய் இருக்கட்டும்.

ஜெபிப்போம்: எங்களைப் பெயர்சொல்லி அழைக்கும் நல்ல மேய்ப்பரே, எங்கள் பொறுப்பில் நீர் தந்த பிள்ளைகளின் குரலை அறிந்துகொள்ளும் செவியை எங்களுக்குத் தாரும். கற்பிக்கப் புறப்படும் இளம் ஆசிரியர்களுக்குப் பொறுமையையும் துணிவையும் தாரும். இரவல் கைகளோடு உம்முன் நிற்க எங்களை விடாதேயும். ஆமென்.